முக்கால் இஞ்ச் எல்போ

செவ்வாய்ப்பேட்டையில் வாங்கியது.
நூற்றெண்பது சொல்லி நூற்றைம்பதுக்குத் தந்தார்
உத்தண்டி ஹார்ட்வேர்ஸ் முதலாளி.
துணியில் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பி
வளையல் காட்டுவதுபோல் காட்டினார்.

ஏற்காட்டு பஸ்ஸில்
இருபது கொண்டையூசி வளைவும்
கைப்பைக்குள் சில்லறையோடு முட்டிக்கொண்டே ஏறியது.
இருபத்தோராவது வளைவு
என் அடுப்படியில்:
குக்கர் மூடியிலிருந்து நிமிர்ந்து
செம்புச் சுருளுக்குள் ஆவி திரும்பும் இடம்.

நாகலூரில் எலுமிச்சைப் புல் வேலிக்கு வேலி கிடைக்கும்.
ஒரு கட்டு புல், மூன்று லிட்டர் தண்ணீர், சிறு தீ.
முதல் சொட்டு விழுந்த அன்றே
பெர்னதெத் ஜன்னலில் வந்து நின்றாள்.
பிள்ளைக்குக் கொசுக்கடி, ஒரு பாட்டில் கொடேன்.
கொடுத்தேன்.
வயிறு உப்பினா ஒரு மூடி குடிக்கவும் வைக்கலாமாக்கா?
தாராளமா, என்றேன்.
அப்படியே எட்டு மாதம்.

மாசியில் ஒருநாள் கான்ஸ்டபிள் சடையப்பன் வந்தார்.
குக்கர், சுருள், பக்கெட், குழாய்.
பார்த்ததும் மீசை ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.
"என்னம்மா காய்ச்சற?"
புல்லைக் காட்டினேன். நம்பவில்லை.
டம்ளரில் பிடித்து மோந்தார்,
விரலால் தொட்டு நக்கினார், தும்மினார்.
"இதுல ஒண்ணுமில்ல" என்று எழுதிக்கொண்டு போனார்.

ஒண்ணுமில்ல.
அந்தச் சொல்தான் ராத்திரி தூங்கவிடவில்லை.
சாராயத்துக்கு வாசனை உண்டு, ஸ்டேஷன் உண்டு, செக்‌ஷன் உண்டு.
ஈயத்துக்கு?

காலையில் ஸ்பேனர் போட்டுக் கழற்றினேன்.
வெளியே மஞ்சள். உள்ளே
புண் ஆறிய தோல்போல் இளஞ்சிவப்பு.
துத்தநாகம் கிளம்பிப் போயிருக்கிறது,
செம்பு மட்டும் பஞ்சாய் நிற்கிறது.
முலாம் போனால் பித்தளை பல்லிளிக்கும்.
பித்தளையே பல்லிளித்தால்
அது யார் பல்?

உத்தண்டிக்குப் போன் போட்டேன்.
"இதுல ஈயம் உண்டுங்களா?"
"கொஞ்சம் உண்டுங்க. இல்லேன்னா லேத்துல சீவல்
சுருண்டு சுருண்டு உளியைச் சுத்திக்கும்.
ஈயம் சேர்த்தா பொட்டுப் பொட்டா உதிர்ந்துடும்."
அவர் ஏமாற்றவில்லை. கேட்டதற்குச் சொன்னார்.
பித்தளைக்கும் பித்தலாட்டத்துக்கும் நடுவே
நான் கேட்காத ஒரு கேள்விதான் இருந்தது.
"ஈயம் நல்லதுதானுங்களே, ரசம் வெக்கிறாங்களே?"
அது வெள்ளீயம். இது காரீயம்.
ஒரே பெயரில் இரண்டு பேர்.
ஒருவர் ரசத்துக்கு வந்துவிட்டுப் போவார்,
மற்றவர் எலும்பில் குடியிருப்பார்.

வினிகர் இரண்டு பங்கு, பெராக்சைடு ஒரு பங்கு.
ஊறப்போட்டால் மேலே இருக்கிற ஈயம் போகும் என்கிறார்கள்.
போட்டேன். நுரைத்தது.
வெண்ணெய் நிறத்தில், ஒரு பாவமும் அறியாததுபோல் வெளியே வந்தது.
மேலே இருப்பது போகும், சரி.
மரை மரையாய் நான் முறுக்கும்போது
தேய்ந்து தேய்ந்து
உள்ளே இருப்பதுதானே மேலே வரும்?

பெர்னதெத் வீடு முப்பது அடி.
வளைவே இல்லாத பாதையில் தலை சுற்றியது.
"அந்தத் தண்ணிய..." என்று ஆரம்பித்தேன்.
"கோவிச்சுக்காதக்கா, அவன் குடிக்கவே இல்ல, துப்பிடுவான்.
நான்தான் தரை துடைக்கிற வாளியில ஊத்திடுவேன்.
மணக்குது பாரேன்."
மணந்தது.
சிவப்பு சிமென்ட் தரை கண்ணாடியாய் மின்னியது.
அதில் தவழ்ந்துகொண்டிருந்தான்,
நின்று நின்று
விரலை வாயில் வைத்தபடி.

ஆவி திரும்பும் இடத்தில் இப்போது எவர்சில்வர்,
மூன்று மடங்கு விலை.
எல்போவைத் தூக்கிப் போடவில்லை.
குளிர்ந்த தண்ணீர் சாக்கடைக்குப் போகும் குழாயில்
மாட்டியிருக்கிறேன்.
அங்கே அதற்கும் யாருக்கும் பகையில்லை.

சேலத்து லேபில் பிள்ளைக்கு ரத்தம் எடுத்தார்கள்.
வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.
சடையப்பனிடமும் சொல்ல வேண்டும்,
ஒரு விரல்தான் என்றாலும்.